பேரு ஒண்ணு, ஓடுனது வேற: ஒரு பனியன் கம்பெனி கூலிக் கணக்குல நடந்தது

இது திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில 2024 ஜூன் மாசம் நடந்தது. ரெண்டு சனிக்கிழமை தொடர்ந்து 46 டெய்லருக்குக் கூலி கொறஞ்சு போச்சு. பீஸ் எண்ணிக்கை சரி, ரேட்டு சரி, ஆனா கணக்குப் போட்டது நாங்க நெனச்சுட்டு இருந்த புரோகிராம் இல்ல. கம்பெனி ஓனர்கிட்டயும் ஆபீஸ் அக்காகிட்டயும் கேட்டுட்டுத்தான் எழுதறேன், பேரு எதும் போடல. அந்தக் கூலி புரோகிராம நான்தான் 2022ல திருப்பி எழுதிக் குடுத்தேன், அதனால இதுல என் பங்கும் இருக்கு, அதையும் சேத்தே சொல்றேன்.

பின்னணி

கம்பெனி அவினாசி ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி. கட்டிங்ல இருந்து பேக்கிங் வரைக்கும் ஒரே கூரைக்குக் கீழ. ஓவர்லாக், பேட்லாக் ஓட்டற டெய்லருகளுக்கு பீஸ் ரேட்டு, செக்கிங், கைமடி, பேக்கிங் ஆளுகளுக்கு ஷிப்ட் சம்பளம். சனிக்கிழமை சாயந்தரம் கவர்ல பணம் போட்டுக் குடுத்துருவாங்க. ஆபீஸ்ல ஒரு அக்கா இருக்காங்க, தெனமும் பண்டல் டிக்கெட்டப் பாத்து யாரு எந்த வேலைல எத்தன பீஸ் தெச்சாங்கன்னு ஏத்துவாங்க, சனிக்கிழமை மத்தியானம் கறுப்பு ஜன்னலத் (விண்டோஸோட கமாண்ட் ப்ராம்ப்ட்) தொறந்து ‘கூலி’ன்னு அடிச்சு என்டர் தட்டுனா வாரக் கணக்கு மொத்தமும் ஒரு ஃபைலா வந்துரும், அத பிரிண்ட் எடுத்துக்குவாங்க.

இந்த புரோகிராமுக்கு மூணு ஜென்மம் இருக்கு, அதச் சொல்லாம மேல போக முடியாது.

மொதல்ல 2018ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ் பையன் சி மொழில எழுதிக் குடுத்தது. பீஸ் ரேட்டு, இஎஸ்ஐ (தொழிலாளிக மருத்துவக் காப்பீடு) பிடித்தம் எல்லாமே கோடுக்குள்ளயே நம்பரா எழுதியிருந்தான். அத கம்பைல் பண்ணி, அதாவது மெசின் நேரா ஓட்டற ஃபைலா மாத்தி, ‘கூலி’ங்கற பேர்ல ஒரு எக்ஸி ஃபைல் வெச்சான்.

அப்பறம் 2019 ஜூலைல இஎஸ்ஐ பிடித்தத்தக் கொறச்சாங்க. தொழிலாளி பங்கு 1.75 சதவீதத்துல இருந்து 0.75 ஆச்சு, முதலாளி பங்கு 4.75ல இருந்து 3.25 ஆச்சு. அதே பையன் வந்து சி கோட்ல 0.75ன்னு மாத்தி, ரேட்டையும் திருத்தி, அங்கயே ஜிசிசிங்கற கம்பைலர் வெச்சு கம்பைல் பண்ணிட்டுப் போனான். ஜிசிசில வர்ற ஃபைலுக்கு என்ன பேருன்னு நாம சொல்லலைன்னா விண்டோஸ்ல அது ‘ஏ’ங்கற பேர்ல எக்ஸி பண்ணி வெச்சுரும். பையன் பேரு குடுக்கல. அந்த ‘ஏ’ எக்ஸிக்கே டெஸ்க்டாப்ல ஒரு ஷார்ட்கட் போட்டுக் குடுத்துட்டான். பழைய ‘கூலி’ எக்ஸி, 2018ல கம்பைல் ஆனது, அதே ஃபோல்டர்ல அப்படியே கெடந்துச்சு, யாரும் தொடல.

2022ல நான் போனேன். ரேட்டு மாறுனா அக்காவே மாத்திக்கோணும்னு பைத்தான்ல எழுதி, ரேட்ட தனியா ஒரு சிஎஸ்வி ஃபைல்ல (எக்செல்லயும் தொறக்கற அட்டவணை ஃபைல்) வெச்சேன். மெசின்ல அப்ப விண்டோஸ் 7, பைத்தான் 3.8க்கு மேல அதுல ஏறாது, அதனால 3.8 போட்டேன். அக்காவுக்கு பழக்கமான பேரா இருக்கட்டும்னு ‘கூலி’ன்னே ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்ட எழுதி வெக்கற ஃபைல்) வெச்சு, அது பைத்தானக் கூப்புடற மாதிரி பண்ணேன். பழைய எக்ஸி ரெண்டையும் மெசின்ல இருந்து அழிச்சேன். பீஸ் ஏத்தற ஃபைலோட அமைப்பும் வெளிய வர்ற கணக்கு ஃபைலோட பேரும் பழசு மாதிரியே விட்டுட்டேன். ஆபீஸ்ல யாருக்கும் தொந்தரவு இருக்கக் கூடாதுன்னு செஞ்சதுதான், ஆனா பின்னால எல்லாரும் ஏமாந்தது இந்த எடத்துல.

என்ன நடந்துச்சு

2024 ஏப்ரல்ல ரேட்டு ஏத்துனாங்க. ஓவர்லாக்ல ஒரு வேலைக்கு 1.55 ரூபா. அக்கா சிஎஸ்வில மாத்துனாங்க, ஏப்ரல், மே ரெண்டு மாசமும் கூலி சரியா வந்துச்சு.

ஜூன் மொத வாரம் ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. சர்வீஸ் பையன் வந்து புது டிஸ்க் போட்டு விண்டோஸ் 10 ஏத்தி, அக்கா வெச்சிருந்த பென் டிரைவ்ல இருந்து கூலி ஃபோல்டர அப்படியே எடுத்துப் போட்டான். அக்கா வெள்ளிக்கிழமை தவறாம பென் டிரைவ்ல காப்பி எடுக்கறவங்க, அதுல ஒரு கொறையும் சொல்ல முடியாது. அந்த வாரமும் சனிக்கிழமை ‘கூலி’ன்னு அடிச்சாங்க, கணக்கு வந்துச்சு, கவர் போட்டாங்க. யாரும் எதும் கேக்கல, ஒரு ரெண்டு பேரு கொறவா இருக்குதுன்னு சொல்லியிருக்காங்க, வாரக் கடைசில கரண்ட் போன நாள் ஒண்ணு இருந்துச்சு, அதனாலதான்னு விட்டுட்டாங்க.

ரெண்டாவது சனிக்கிழமை ஓவர்லாக் ஓட்டற ஒரு அம்மா கவரப் பிரிச்சுப் பாத்துட்டு ஆபீஸுக்கே வந்துட்டாங்க. அவங்க ஒரு குட்டி நோட்டு வெச்சிருக்காங்க, தெனம் எத்தன பண்டல்னு பேனால கோடு போட்டு வெச்சுக்குவாங்க. “ஏனுங் அம்மிணி, நான் 2,900 பீஸு தெச்சிருக்கறன், கவர்ல 3,988 தானுங்க இருக்குது, எனக்கு 4,461 வரோணும்”னு சொன்னாங்களாம். அக்கா அப்பவே கால்குலேட்டர்ல போட்டுப் பாத்திருக்காங்க, அந்தம்மா சொன்னது ரூபா பிசகாம சரி. சீட்டுல எண்ணிக்கை 2,900ன்னுதான் இருந்துச்சு. ஆனா கூலி 4,060, இஎஸ்ஐ 72.

அன்னிக்கு ராத்திரியே அக்கா எனக்குப் போன் பண்ணாங்க.

போன்ல பாத்தது, தப்பா யோசிச்சது

மொதல்ல சிஎஸ்விதான் கெட்டுப் போயிருக்கும்னு நெனச்சேன், எக்செல்ல தொறந்து சேவ் பண்ணும்போது நம்பர் மாறிப் போறது அடிக்கடி நடக்கறதுதான். அக்காவத் தொறந்து படிக்கச் சொன்னேன். 1.55ன்னு சுத்தமா இருக்குதுங்க தம்பின்னாங்க.

4,060ஐ 2,900ல வகுத்தா 1.40 வருது. 1.40ங்கற ரேட்டு எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியல, நான் எழுதுன எதுலயும் அந்த நம்பர் இல்ல. இஎஸ்ஐ 72 அதவிட விசித்திரம். 4,060க்கு 0.75 சதவீதம்னா 30.45, அடுத்த முழு ரூபாய்க்கு ஏத்துனா 31. 72 வரோணும்னா 1.75 சதவீதம் போட்டிருக்கோணும், 71.05 வரும், ஏத்துனா 72. அஞ்சு வருசத்துக்கு முந்துன சதவீதம்.

அப்ப பழைய சி புரோகிராம் எப்படியோ ஓடுதோன்னு ஒரு சந்தேகம் வந்துச்சு. ஃபோல்டர்ல சி ஃபைல் எதாச்சும் இருக்குதான்னு கேட்டேன், இருக்குதுன்னாங்க, நோட்பேட்ல தொறந்து இஎஸ்ஐன்னு இருக்கற வரியப் படிக்கச் சொன்னேன். “0.75ன்னு இருக்குதுங்க.” ஓவர்லாக் ரேட்டு? “1.45ங்க.” அப்ப இதும் இல்லைன்னு நான் அந்த வழியவே விட்டுட்டேன். இந்த ஆய்வுல நான் ரொம்ப வருத்தப்படற எடம் இதுதான், ஏன்னா காரணத்துக்குப் பக்கத்துல போய் நின்னுட்டு சோர்ஸ, அதாவது எழுதி வெச்ச கோடப், படிச்ச ஒரே காரணத்துக்காகத் திரும்பி வந்துட்டேன். சோர்ஸ்ல 0.75ன்னு இருந்தா எக்ஸிலயும் அதுதான் இருக்கும்னு மனசு தானா நம்பிக்குது.

பனியன் வேலைல இருக்கறவங்களுக்கு இத ஈஸியா சொல்லலாம். சோர்ஸ்ங்கறது அட்டை பேட்டர்ன், எக்ஸிங்கறது வெட்டி அடுக்கி வெச்ச பீஸ். பேட்டர்ன இன்னிக்குத் திருத்துனா நேத்து வெட்டுன பீஸ் மாறாது, திரும்ப வெட்டுனாத்தான் உண்டு. ஸ்கிரிப்ட்டுங்கறது, என் பைத்தான் ஃபைல் மாதிரி, ஒவ்வொரு தடவையும் பேட்டர்னப் பாத்துப் புதுசா வெட்டற மாதிரி, திருத்துனது ஒடனே துணில தெரியும். காலேஜ்ல ஜாவா படிக்கற பசங்களும் இதுல மாட்டறாங்க, ஃபைலத் திருத்திட்டு, கம்பைல் பண்ற ஜாவாசி போடாமயே ஜாவான்னு அடிச்சு, பழைய கிளாஸ் ஃபைல் ஓடறது தெரியாம ஒரு மணி நேரம் முழிப்பாங்க. 2018 செப்டம்பர்ல வந்த ஜாவா 11ல இருந்து ஒரே ஃபைல் புரோகிராம்னா சோர்ஸ் ஃபைல் பேரையே குடுத்து ஓட்டலாம், அது மெமரிலயே கம்பைல் பண்ணி ஓட்டிரும், டிஸ்க்ல கிளாஸ் ஃபைல் எழுதாது. அங்க இந்தக் கொழப்பம் கொறவு.

கடைசியா அக்காகிட்ட, பேட்ச் ஃபைல் வேண்டாம், நேரடியா பைத்தான்னு அடிச்சு பக்கத்துல ஃபைல் பேரக் குடுங்கன்னேன். அடிச்சாங்க. கொஞ்ச நேரம் பேச்சு இல்ல. “தம்பி, என்னமோ கடை மாதிரி ஒரு ஜன்னல் வருதுங்க, இன்ஸ்டால் பண்ணுன்னு கேக்குது.”

புது விண்டோஸ் 10ல பைத்தான் இல்லாம பைத்தான்னு அடிச்சா மைக்ரோசாப்ட் ஸ்டோர் தொறக்கும். அதாவது அந்த மெசின்ல பைத்தானே இல்ல. சர்வீஸ் பையனுக்கு அது வேணும்னு யாரும் சொல்லல. என் புரோகிராம் அந்த மெசின்ல ரெண்டு வாரமா ஒரு தடவ கூட ஓடியிருக்க வாய்ப்பே இல்ல. அப்ப ரெண்டு சனிக்கிழமையும் கூலி போட்டது யாரு?

நேர்ல போய்ப் பாத்தது

திங்கக்கிழமை காலைல பஸ் ஏறிப் போயிட்டேன். கறுப்பு ஜன்னல்ல ‘வேர்’ங்கற கமாண்ட் போட்டு ‘கூலி’ எங்கெங்க இருக்குன்னு கேட்டேன். ரெண்டு வந்துச்சு. ஒரே ஃபோல்டர்ல ஒரு எக்ஸி, ஒரு பேட்ச். எக்ஸியோட தேதி 2018.

விண்டோஸ் கறுப்பு ஜன்னல்ல ஒரு பேர மட்டும் அடிச்சா அது மொதல்ல நாம நிக்கற ஃபோல்டர்லயே தேடும், அப்பறம்தான் பாத்ங்கற பட்டியல்ல இருக்கற எடங்கள்ல தேடும். ஒரே பேர்ல நாலு விதமான ஃபைல் இருந்தா எத எடுக்கறதுன்னு பாத்எக்ஸ்ட்னு ஒரு வரிசை வெச்சிருக்கு, அதுல மொதல்ல காம், அடுத்தது எக்ஸி, அதுக்கப்பறம்தான் பேட்ச். அப்ப எக்ஸி பக்கத்துல இருக்கற வரைக்கும் என் பேட்ச் ஃபைலுக்கு முறையே வராது. லினக்ஸ்ல இப்படி நடக்கறது கஷ்டம், அங்க நிக்கற ஃபோல்டர்ல தானா தேடாது, ./ போட்டு பேர முழுசா சொல்லோணும், பவர்ஷெல்லும் அது மாதிரிதான்.

எக்ஸி எப்படித் திரும்ப வந்துச்சுன்னா, பென் டிரைவ் வழியா. அக்கா வாரா வாரம் பழைய காப்பி மேலயே புதுசப் போடுவாங்க. காப்பி பண்ணா புது ஃபைல் சேரும், மாறுனது மாறும், ஆனா மெசின்ல அழிச்சது பென் டிரைவ்ல அழியாது. 2022ல நான் மெசின்ல அழிச்ச ரெண்டு எக்ஸியும் ரெண்டு வருசமா பென் டிரைவ்ல பத்திரமா இருந்திருக்கு. சி ஃபைல் 2019ல திருத்துனது, ஆனா ‘கூலி’ எக்ஸி 2018ல கம்பைல் ஆனது. ஒரே ஃபோல்டர்ல சோர்ஸ் ஒரு கணக்கு சொல்லுது, எக்ஸி ஒரு கணக்கு போடுது, சிஎஸ்வில மூணாவது கணக்கு இருக்குது: 1.45, 1.40, 1.55.

எனக்கு மனசுல ஒறச்சது ஒண்ணு. அந்த எக்ஸி மட்டும் அங்க இல்லாம இருந்திருந்தா மொதச் சனிக்கிழமை மத்தியானமே பேட்ச் ஃபைல் பைத்தானத் தேடி, கெடைக்காம நின்னிருக்கும், அக்கா போன் பண்ணியிருப்பாங்க, அர மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். ஸ்கிரிப்ட்டுக்கு இன்னொருத்தர் தொணை வேணும், அது இல்லைன்னா சத்தம் போட்டு நின்னுரும். எக்ஸிக்கு யாரும் வேண்டாம், எந்த மெசின்ல போட்டாலும் பேசாம ஓடும். எக்ஸியோட நல்ல கொணம்னு எல்லாரும் சொல்றது இதத்தான், அந்த ரெண்டு வாரம் ஆளுக கவர்ல கைய வெச்சதும் இதேதான்.

என்ன முடிவு பண்ணோம், ஏன்

ஓனர் மொதல்ல கேட்டது மெசினப் பத்தி இல்ல. “ஆளுகளுக்கு எவ்ளோ கொடுக்கோணும், அதச் சொல்லுங்க தம்பி.” அதனால பைத்தான ஏத்தி ரெண்டு வாரக் கணக்கையும் திரும்ப ஓட்டி, எக்ஸி குடுத்த ஃபைலோட ஒப்பிட்டு வித்தியாசம் எடுத்தோம். 46 பேருக்கும் சேத்து 38,612 ரூபா. நம்ம கணக்க நாமளே சரின்னு சொல்லிக்கக் கூடாதுன்னு அக்கா ஒரு வேல செஞ்சாங்க, நோட்டு வெச்சிருக்கற டெய்லருக எல்லாரையும் நோட்டக் கொண்டாரச் சொன்னாங்க. 11 பேரு கொண்டாந்தாங்க. பத்து நோட்டு அப்படியே ஒத்து வந்துச்சு. ஒண்ணுல மட்டும் ஒரு பண்டல் வித்தியாசம், தேடுனப்ப டிக்கெட் கட்டிங் டேபிளுக்குக் கீழ கெடந்துச்சு, அதயும் சேத்துக் குடுத்தாங்க. புதன்கிழமையே தனிக் கவர்ல பணம் போயிருச்சு, எதனால கொறஞ்சதுன்னு ஓனரே லைன்ல நின்னு சொன்னாரு. கூட பிடிச்ச இஎஸ்ஐயும் அந்தக் கவர்லயே திரும்பிருச்சு, அந்த மாசப் பங்கு கட்டறதுக்குள்ள கண்டுபிடிச்சதால ஆபீஸ் கணக்குல மட்டும் திருத்துனா போதும்னு ஆச்சு.

அப்பறம் புரோகிராம என்ன பண்றதுன்னு பேசுனோம். இனிமே பைத்தான் இல்லாம போற பிரச்சினையே வேண்டாம், எல்லாத்தையும் ஒரே எக்ஸியா பண்ணிக் குடுத்துருங்கன்னு ஓனர் கேட்டாரு. நியாயமான கேள்விதான். பைத்தான எக்ஸியா மாத்தற பைஇன்ஸ்டாலர் வெச்சுப் பண்ணியும் பாத்தேன். ஒரே ஃபைலாப் பண்ணா அது ஒவ்வொரு தடவையும் உள்ள இருக்கற பைத்தான் எல்லாத்தையும் ஒரு தற்காலிக ஃபோல்டர்ல பிரிச்சுப் போட்டுட்டுத்தான் ஆரம்பிக்கும், தொறக்கவே நேரம் ஆச்சு. அதுக்கு மேல, அங்க இருந்த ஆண்டிவைரஸ் அத வைரஸ்னு சொல்லி எடுத்து அடைச்சுருச்சு, பைஇன்ஸ்டாலர்ல பண்ற ஃபைலுகளுக்கு இது அடிக்கடி நடக்கறதுதான். ஆனா நான் வேண்டாம்னு சொன்னதுக்குக் காரணம் அது ரெண்டும் இல்ல. இன்னிக்கு நான் ஒரு எக்ஸி பண்ணிக் குடுத்தா, நாளைக்கு யாரோ சோர்ஸத் திருத்திட்டு கம்பைல் பண்ணாமப் போவாங்க, இல்லைன்னா 2019ல மாதிரி வேற பேர்ல கம்பைல் பண்ணிட்டு பழச அப்படியே விட்டுட்டுப் போவாங்க. கம்பைல் பண்ணத் தெரிஞ்ச ஆள் பக்கத்துலயே இருக்கற எடத்துக்கு எக்ஸி சரி. அக்காவே திருத்திக்கோணும்ங்கற எடத்துக்கு ஸ்கிரிப்ட்டுதான். ஓனர் ஒத்துக்கிட்டாரு.

மாத்துனது இவ்வளவுதான். ரெண்டு எக்ஸியும் சி ஃபைலும் ஜிப்ல கட்டி வேற எடத்துக்குப் போச்சு, ஜிப்புக்குள்ள இருந்தா பேர அடிச்சதும் தானா ஓடாது. புரோகிராமுக்கு ‘வாரக்கூலி’ன்னு புதுப் பேரு. பேட்ச் ஃபைல்ல பைத்தான் இருக்கற எடத்தையும் ஸ்கிரிப்ட் இருக்கற எடத்தையும் முழுப் பாதையா எழுதிட்டேன், தேடற வேலையே கெடையாது, இல்லைன்னா இல்லைன்னு நின்னுரும். அப்பறம் கணக்குச் சீட்டோட தலைல மூணு வரி: எந்த ஃபைல் ஓடுச்சு, அது எப்பத் திருத்துனது, எந்தத் தேதி ரேட்டு, இஎஸ்ஐ எத்தன சதவீதம். பிரிண்ட்லயே வரும், கறுப்பு ஜன்னல யாரும் பாக்க வேண்டியதில்ல.

அதுக்கப்பறம்

அடுத்த சனிக்கிழமை நான் போய் ஒக்காந்திருந்தேன், சரியா வந்துச்சு. ரெண்டாவது வாரம் அக்கா பழக்கத்துல ‘கூலி’ன்னே அடிச்சுட்டாங்க, அப்படி ஒரு கமாண்ட் இல்லைன்னு வந்துச்சு, சிரிச்சுட்டு புதுப் பேர அடிச்சாங்களாம். எனக்கு அந்தச் செய்தி கேட்டு நிம்மதியா இருந்துச்சு, பழைய பேருக்கு இனி அந்த மெசின்ல பதில் சொல்ல ஆளில்ல.

ஆகஸ்ட்ல பேட்லாக் ரேட்டு மாறுச்சு. அக்கா சிஎஸ்விலதான் மாத்துனாங்க, ஆனா மாத்துன தேதிய எழுத மறந்துட்டாங்க. சீட்டுத் தலைல பழைய தேதியப் பாத்துட்டு ஓனரே கேட்டிருக்காரு, பணம் போறதுக்கு முன்னாலயே சரி பண்ணிட்டாங்க.

அந்தக் காலேஜ் பையன் இதே புரோகிராம பக்கத்துல ரெண்டு கம்பெனிக்குக் குடுத்திருந்தான்னு ஓனர் சொன்னாரு. ஒரு எடத்துக்குப் போனேன், அங்க பழைய எக்ஸிதான் இன்னும் ஓடுது, ஆனா இஎஸ்ஐயத் திருத்தி கம்பைல் பண்ணித்தான் வெச்சிருக்காங்க, 0.75 சரியா வருது. இன்னொரு எடத்துல புரோகிராமே விட்டுட்டு எக்செல்ல போட்டுட்டு இருக்காங்க.

திரும்பச் செஞ்சா என்ன மாத்துவேன்

2022ல புதுசு வெக்கும்போதே பேர மாத்தியிருக்கோணும். பழக்கத்துக்காக அதே பேரு, அதே ஃபைல் அமைப்பு வெச்சதாலதான் பழசு புதுசோட எடத்துல ஒக்காந்தும் ஒருத்தருக்கும் தெரியல. பீஸ் ஏத்தற ஃபைல்ல ஒரு தலைப்பு வரியாச்சும் கூட இருந்திருந்தா பழைய எக்ஸி அதப் படிக்க முடியாம நின்னிருக்கும்.

போன்ல சோர்ஸப் படிக்கச் சொன்னதுக்குப் பதிலா ‘வேர்’ போடச் சொல்லியிருக்கோணும், சனிக்கிழமை ராத்திரியே தெரிஞ்சிருக்கும். கோட்ல என்ன எழுதியிருக்குன்னு பாக்கறதுக்கு முன்னால எந்த ஃபைல் ஓடுச்சுன்னு பாக்கறது, இப்ப எங்க போனாலும் மொத வேல அதுதான்.

பென் டிரைவ் விஷயம் இன்னும் முடியல. விண்டோஸோட ரோபோகாப்பி கமாண்ட்ல மிர்ங்கற ஆப்ஷன் போட்டா மெசின்ல அழிச்சது காப்பிலயும் அழியும், ஆனா தெரியாம அழிச்சதும் சேந்து போயிரும், அத அக்கா ஒத்துக்கல, “அழிஞ்சது வேணும்னுதானுங்க தம்பி காப்பியே எடுக்கறோம்”ங்கறாங்க. அதனால இப்பத்திக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தேதி போட்டுத் தனி ஃபோல்டர், எட்டு வாரத்துக்கு முந்துனத எடுத்துர்றது. பழைய பென் டிரைவ அக்கா மேசை டிராயர்ல தனியா ஒரு கவர்ல போட்டு, மேல ‘2024 ஜூன், மெசின்ல போடக் கூடாது’ன்னு எழுதி வெச்சிருக்காங்க.